விர்ர் வேறு, டக் வேறு

அவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டுமென்றால், அந்த வண்டி போட்ட சத்தத்தை முதலில் நாம் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். "செல்ஃப் எடுக்கல" என்று மட்டும் சொன்னால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்.

"எடுக்கலன்னா? பட்டன அமுக்கனா இன்னா சத்தம் வர்து? வாயால போடு."

போட்டால்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில், நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிச்சுவரை ஒட்டி அவருடைய மெக்கானிக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு மரப்பெட்டி, கவிழ்த்துப் போட்ட இரண்டு பெயிண்ட் டப்பா. போர்டு கிடையாது. ஆனாலும் காட்டுப்பாக்கம், பரணிபுத்தூர் பக்கமிருந்தெல்லாம் ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் செல்ஃப் மக்கர் செய்தால் அவரிடம்தான் போக வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது.

என் நாற்காலிக்கும் அவருடைய தார்ப்பாய்க்கும் நடுவில் இருந்தது ஒரு கேட் மட்டும்தான். காலையிலிருந்து மாலை வரை அங்கே போடப்பட்ட சத்தமெல்லாம் என் காதில் விழும். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி தெரிந்துவிட்டது. 'டிக்டிக்டிக்' என்றால் பேட்டரியில் தெம்பில்லை. சத்தமே வரவில்லை என்றால், பெரும்பாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அமுக்கத் தெரியாத ஆள். 'விர்ர்ர்' என்றால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, ஆனால் அதன் முனையில் இருக்கும் பல்சக்கரம் போய் இஞ்சினைக் கவ்வவில்லை. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டால், கரண்ட் வந்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை. விர்ர் வேறு, டக் வேறு. இதை அவர் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

"நீங்களே ஒரு தடவை அமுக்கிப் பாத்துக்கக் கூடாதா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள்.

"பொணத்த எழுப்பி, நீ எப்டிப்பா செத்தேன்னு கேக்க சொல்றியா? கெட்டுப்போன செல்ஃப அமுக்க அமுக்க இன்னும் கெடும். அது பேசனது உன்னாண்ட. நீதான் சொல்லணும்."

ஒரு ஹெட் கான்ஸ்டபிள் யூனிஃபார்மோடு வந்தார். முதலில் முறைத்தார், மீசையைத் தடவினார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டிக்டிக்டிக்" என்றார். "சார், இன்னும் கொஞ்சம் சத்தமா. ஸ்டேஷன்ல பேசுவீங்களே, அந்த மாறி" என்றார் இவர். அவரும் போட்டார். ஒரு பேங்க் அம்மா சாமர்த்தியமாகச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து கொண்டு வந்திருந்தார். "போன் பொய் சொல்லும்மா, எல்லா சத்தத்தையும் ஒரே மாறி கொய்யாம்பயத்த நசுக்கன மாறி காட்டும். நீ சொல்லு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "விர்ர்ர்ர்" என்று நீளமாக ஒரு சத்தம் போட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

எல்லோருக்கும் அது சிரிப்பாக இருந்தது. எனக்கு இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அந்த எட்டு வருஷமும் 'உள்ளேன் ஐயா' சொல்லாமல் கையை மட்டும் தூக்கியவன். இப்போதும் நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சார் தன் ஸ்கூட்டரைக் கொடுத்து, செல்ஃபைச் சரிபார்த்து வரச் சொன்னார். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கேட்டார். நான் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் சத்தம் போட்டுவிட்டு வேலை முடித்துக்கொண்டு போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா நைனா, நாக்க ஊட்ல வெச்சிட்டு வந்துட்டியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் "டக்" என்றேன்.

"கேக்கல."

"டக்."

"ஊஹூம். கேக்கல."

மூன்றாவது தடவை நான் கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பெண் எட்டிப் பார்த்தாள். அவர் உடனே பெட்டியைத் திறந்துவிட்டார். "அவ்ளோதான். ரிலே நல்லா கீது, மோட்டார் உள்ள கார்பன் தேஞ்சிருக்கும். அப்டி நெயல்ல குந்து." நிழலில் உட்கார்ந்தேன், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கழற்றிய பழைய கார்பனைச் செய்தித்தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். அது அவருடைய இன்னொரு வழக்கம். என்ன சாமானை மாற்றினாலும் பழையதைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "இத வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று கேட்பவர்களிடம், "பழசு ஓனருக்குதான். தூக்கிப் போடறதுன்னாலும் நீயே போடு" என்பார்.

இரண்டு நாள் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மனிதனை நாலு பேர் முன்னால் நாய் மாதிரி குரைக்க வைக்கிறாரே என்று இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கசப்பு கொஞ்சம் இருக்கிறது. அவர் செய்தது எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரே கேட்டருகே வந்து, கம்பி வழியாக ஒரு டீயை நீட்டினார்.

"இன்னிக்கு இன்னா சத்தம்?"

"என்ன?"

"உனக்குப்பா. உன் பாடி. இன்னா சத்தம் குடுக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின இரவு மோட்டார் ரூமில் தண்ணீர் ஏறாமல் தூக்கம் கெட்டிருந்தது. "டிக்டிக்டிக்" என்றேன்.

"பேட்டரி டவுனு. டீ குடி."

அன்றிலிருந்து தினமும் கேட்பார். நானும் ஏதாவது ஒரு சத்தம் சொல்வேன். என் பெண்ணுக்குப் பள்ளியில் நல்ல மார்க் வந்த அன்று, இஞ்சின் கிளம்பி ஓடுகிற மாதிரி ஒரு நீளமான சத்தம் போட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அவர் தலையை ஆட்டிக்கொண்டே ரசித்தார். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறையில்தான் என் குடும்பம் இருந்தது. என் மனைவி அங்கிருந்து பார்த்துவிட்டு, "ஊர்ல ஒருத்தர்கிட்டயும் வாய தொறக்க மாட்ட, அந்தாள்கிட்ட மட்டும் என்ன கூத்து?" என்பாள். உண்மைதான். அந்தத் தெருவில் என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர் ஒருவர் இருந்தார். பிறவியிலேயே காது கேட்காது, பேச வராது. அவருடைய ஸ்கூட்டரின் செல்ஃப் ஒரு நாள் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். இன்றைக்கு இவர் என்ன செய்வார் என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்தே, இப்ப கேளு பாக்கலாம்" என்று கிண்டல் செய்தார்.

அவர் கேட்டார். வாயைக் காட்டி, பட்டனைக் காட்டி, கையை விரித்துக் கேட்டார். தேய்ப்புக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து, ஒரே ஒரு தடவை வெடுக்கென்று குலுக்கினார். கையை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

காதால் கேட்காததை அந்த மனிதர் கையால் கேட்டிருந்தார்.

"டக்கு!" என்று இவர் எழுந்து குதித்தார். "பாத்தியா! டக்குன்றான்! எவ்ளோ கரெக்டா சொல்றாம் பாரு!" அன்று முழுவதும் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "வாயி இல்லாதவன் சொல்லிட்டான். இனிமே எவனாச்சும் எனக்கு கூச்சமா கீதுன்னு சொல்லட்டும், இருக்கு அவனுக்கு."

சொல்லும்போது கேட் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக் காட்டினார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் மாடியில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. நாலு வயதில் ஒரு பையன். நல்ல பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் ஒரு பச்சை ஸ்கூட்டர் இருந்தது. ஒரு நாள் அது செல்ஃப் எடுக்காமல் போக, அவரிடம் தள்ளிக்கொண்டு போனாள். நானும் பின்னாலிருந்து தள்ளினேன்.

"என்ன சத்தமுங்க... மிக்ஸி காலியா ஓடுமில்லீங்ணா, அந்த மாதிரி. விர்ர்ர்னு."

"சூப்பர் கண்ணு. மோட்டார் சுத்துது, பல்லு புடிக்கல."

பிரித்து, மோட்டார் முனையில் இருந்த சின்னப் பல்சக்கரத்தை எடுத்துக் காட்டினார். பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. புதியதைப் போட்டார். பட்டனை அவளையே அமுக்கச் சொன்னார். ஒரே அமுக்கில் வண்டி கிளம்பியது. பழையதைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் குப்பை பிரிக்கும்போது அந்தப் பேப்பர் பொட்டலம் அவள் வீட்டுக் கூடையில் இருந்தது. இரும்பாயிற்றே என்று எடுத்து மோட்டார் ரூம் அலமாரியில் வைத்தேன்.

வண்டியைச் சரிசெய்த நாலாவது நாள் மதியம் தண்ணீர் லாரி வந்தது.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி, கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. லாரி வந்தால் அதன் மேல் நிற்கும் வண்டியை நகர்த்த வேண்டும். அதற்காகவே எல்லோரும் ஒரு சாவியை என் மேஜை மேல் இருக்கும் ஆணிப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். அன்று மூடியின் மேல் நின்றது பச்சை ஸ்கூட்டர். அவள் கணவரோடு காரில் போயிருந்தாள். இரண்டு பக்கமும் கார்கள். சரிவில் ஏற்றி வெளியே கொண்டுபோனால்தான் வழி. தனி ஆளாகத் தள்ளி ஏற்ற முடியாது என்று கிளப்பப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்துப் பட்டனை அமுக்கினேன். மோட்டார் சுற்றியது, பல்லும் பிடித்தது, இஞ்சினும் உருண்டது. ஆனால் கிளம்பவில்லை. கிக்கரை உதைத்தேன். கிளம்பவில்லை.

"யோவ், இன்னாய்யா ரயிலா ஓட்டப் போற? எனக்கு இன்னும் மூணு நடை கீது!" லாரி டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. மேலே இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவ்வளவுதான். பட்டனை அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். ஐந்து எண்ணுவதற்கு மேல் அமுக்கக் கூடாது என்று அவர் நூறு தடவை சொல்லிக் கேட்டவன் நான். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே அமுக்கியிருப்பேன். சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. கையை எடுத்தேன். கடைசியில் லாரி கிளீனரும் நானும் சேர்ந்துதான் அதை மேலே தள்ளினோம்.

லாரி போன பிறகு வண்டியைத் திரும்ப இடத்தில் நிறுத்தும்போதுதான் பார்த்தேன். ஹேண்டிலில் இருந்த சிவப்பு சுவிட்ச் அணைந்திருந்தது. அதை அணைத்துவிட்டால் அந்த வண்டியில் செல்ஃப் சுற்றும், இஞ்சின் மட்டும் உயிர் பிடிக்காது. பையன் விளையாடியிருக்கிறான். நான் அதைத் தட்டிவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினேன்.

டக்.

இன்னொரு தடவை. டக்.

நான் சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை அவள் பட்டனை அமுக்கினாள், வண்டி எடுக்கவில்லை. அவளுக்கு அன்று ஆபீசில் முக்கியமான நாளாம், கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஒல்லியான பெண், கிக்கரை உதைக்கத் தெம்பில்லை. நான்தான் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தேன். "நல்லவேளை, நீங்க இருந்தீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கணவர் அன்றைக்கே குடியிருப்போரின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார். மெக்கானிக் டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாற்றிவிட்டார், அஞ்சே நாளில் அதே கோளாறு என்று. அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். சுவரெல்லாம் ஆயில் கறை என்று ஒருவர். கேட்டருகே கூட்டம் என்று ஒருவர். ஆவடிப் பக்கம் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் சாருக்கு, அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து ஓரமாகச் செடி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார். மெக்கானிக்கையும் வரச் சொன்னார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். வந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இப்ப இன்னா சத்தம் கண்ணு?"

"டக்குனு ஒண்ணு வருதுங்ணா, அவ்வளவுதான்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு... விர்ர்ருன்னுதானுங்க சொன்னேன்."

"பாத்தியா சார்? அன்னிக்கு விர்ரு, இன்னிக்கு டக்கு. அது வேற கம்ப்ளெய்ண்ட்டு, இது வேற. நான் போட்ட பல்லு நல்லா கீது. மோட்டார எவனோ உடாம அமுக்கி எரிச்சிருக்கான்."

"விர்ராவது டக்காவது" என்றார் கணவர். "செல்ஃப் எடுக்கலன்னு கொடுத்தோம். இப்பவும் செல்ஃப் எடுக்கல. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல சார்." அவர் குரல் உடைந்த மாதிரி இருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "பழைய பல்ல பேப்பர்ல சுத்திக் குட்த்தனே கண்ணு, தேஞ்சி கெடந்துச்சே. அத எடுத்தா."

"குப்பைல போட்டுட்டனுங்ணா" என்றாள் அவள். முகம் வாடிவிட்டது.

"சரி. நடுவுல யாராச்சும் வண்டிய எட்த்தீங்களா? பேர் வாணாம், தப்பு சொல்லல. இன்னா சத்தம் கேட்டுச்சின்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

செயலாளர் சார் என் பக்கம் திரும்பினார். "சாவி உன் பலகையிலதானே இருக்கும்? நீ எடுத்தியா?"

எனக்கு முன்னால் இருந்த வாட்ச்மேன் ஒரு காரின் கண்ணாடியை உடைத்ததற்காக அதே கீழ்த்தளத்தில் வைத்துத்தான் அனுப்பப்பட்டார். சாமான்களோடு அன்றைக்கே போனார். என் பெண் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. இதெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி எதையும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் தலையை இல்லை என்று ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். தேய்ந்த கார்பனைப் பார்ப்பதுபோல, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல மெதுவாகப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். சுவர் ஓரத்தைக் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் சார் சொன்னபோது, "சரி சார்" என்றார்.

அன்றைக்கே தார்ப்பாயை அவிழ்த்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு முடிச்சை அவிழ்க்கவாவது கை கொடுத்திருக்கலாம். பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றிய பிறகு, கம்பிக்கு அருகில் வந்து நின்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

"டக்குன்னு ஒரு சத்தம். அத்த சொல்றதுக்கு எவ்ளோ பெரிய வாயி வேணும்? அதுகூட இல்லாம எப்டிப்பா சோறு துன்ற?"

சுவருக்கு இளம்பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். செடி வைத்தார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். முதல் கோடையிலேயே செடிகள் கருகிவிட்டன. இப்போது அங்கே ஆன்லைன் சாமான் கொண்டுவரும் பையன்கள் வண்டி நிறுத்துகிறார்கள். என் வேலை போகவில்லை. பெண் படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கோயம்புத்தூர்ப் பெண் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போனாள். போகும்போது அந்தப் பச்சை ஸ்கூட்டரை எனக்கே கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். "எத்தன நாள் நீங்கதான கிக் பண்ணிக் கொடுத்தீங்க, வச்சுக்குங்ணா" என்றாள். மோட்டாரை அவர்கள் வேறெங்கோ மாற்றியிருந்தார்கள். நான் வைத்திருந்த காலத்தில் ஒரு நாள் மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை.

அவர் குத்தம்பாக்கத்தில், புது பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் கடை போட்டிருக்கிறார் என்று தேய்ப்புக்காரர் ஒரு தடவை எனக்குச் சொல்லியிருந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கிக் காட்டியதும் யாரைச் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது; இடத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். பக்கத்திலேயே மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை காலை வண்டியைக் கிக்கரில் கிளப்பி, பூந்தமல்லி தாண்டிப் போனேன். சட்டைப்பையில் அந்தப் பழைய பல்சக்கரம் இருந்தது. மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டே என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். நான்தான் அண்ணே அமுக்கினேன். சுவிட்சைப் பார்க்கவில்லை. பயந்துட்டேன். மூன்றே வாக்கியம்தான்.

அதே நீலத் தார்ப்பாய். தலை முழுவதும் நரைத்திருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு காலேஜ் பெண்ணை வாயால் சத்தம் போட வைத்துக்கொண்டிருந்தார். அவளும் தோழியும் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். என் முறை வந்தது. முதலில் வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். கேட்பார் என்று காத்திருந்தேன். இந்த ஒரு தடவை முதல் தடவையிலேயே சத்தமாகப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கேட்கவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கினார். பிரேக்கைப் பிடித்து அவரே பட்டனை அமுக்கினார். இத்தனை வருஷத்தில் கெட்டுப்போன செல்ஃபை அவர் அமுக்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விர்ர்ர் என்றது.

"அண்ணே, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வாணாம். நீ சொல்ல வாணாம். அப்டி நெயல்ல குந்து."

உட்கார்ந்தேன். வேலை முடியும்வரை இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவை உட்கார்ந்தேன். முடித்துவிட்டுப் பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி என்னிடம் நீட்டினார். அப்போது நான் பையிலிருந்த பல்சக்கரத்தை எடுத்து அவருடைய பெட்டியின் மேல் வைத்தேன். வாயால் முடியாததை அது சொல்லட்டும் என்றுதான் வைத்தேன்.

அதை எடுத்துப் பார்த்தார். பெருவிரலால் தேய்ந்த பக்கத்தைத் தடவினார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது அவருக்கு.

"எங்க கெடச்சிது?"

"குப்பையில, ண்ணே."

"எப்போ?"

"நீங்க மாத்தின மறுநாளே."

"அப்ப அன்னிக்கு மீட்டிங்கு நடக்க சொல்ல?"

"என் ரூம்லதான் இருந்திச்சு."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்படுவார், நாலு பேர் முன்னால் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்தார். அந்தப் பல்சக்கரத்தை வைத்து, நாலு பக்கமும் ஒழுங்காக மடித்தார். இன்று கழற்றியதோடு சேர்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பழசு ஓனருக்குதான்" என்றார். "வெச்சிக்கோ."

பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கில் வண்டி எடுத்தது. திரும்பி ரோட்டுக்கு வரும்போது, பின்னால் அடுத்த ஆளிடம் அவர் கேட்பது கேட்டது. "இன்னா சத்தம் வர்து? வாயால போடு." அந்த ஆள் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.